கைகள் நடுங்க, கடிதத்தைப் பிரித்தான்: ஆங்கிலத்தில் அப்சல்யூட் ஃபிரேஸ் எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

"கைகள் நடுங்க, அவன் கடிதத்தைப் பிரித்தான்." நடுங்குவது கைகள், பிரிப்பது அவன். எழுவாய் இரண்டு இருக்கிறது, வினைமுற்று ஒன்றுதான். இதையே ஆங்கிலத்தில் இப்படி எழுதலாம்: "ஹிஸ் ஹேண்ட்ஸ் ட்ரெம்ப்ளிங், ஹி ஓபன்ட் த லெட்டர்." இதில் காற்புள்ளிக்கு முன்னால் வரும் மூன்று சொற்கள்தான் அப்சல்யூட் ஃபிரேஸ். பழைய இலக்கணப் புத்தகங்களில் நாமினேட்டிவ் அப்சல்யூட் என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

இதைப் பெரும்பாலும் ஆங்கில இலக்கணத்தின் கடைசிப் பாடமாக, அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படிப்பவரும் ஏதோ அபூர்வமான சங்கதி போல என்று விட்டுவிடுகிறார். ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு இது தினமும் வாயில் வரும் அமைப்பு. ஆங்கிலத்தின் பக்கத்திலிருந்து போகாமல் தமிழின் பக்கத்திலிருந்து போனால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

தமிழில் ஏற்கெனவே இருப்பது

தமிழ் வினையெச்சங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். "அவள் சிரித்து, கையசைத்தாள்" என்றால் சிரித்தவளும் கையசைத்தவளும் ஒருத்தியே. "அவள் சிரிக்க, அவன் தலைகுனிந்தான்" என்றால் சிரித்தது ஒருவர், குனிந்தது இன்னொருவர். 'செய்து' என்ற வாய்பாடு முதன்மை வினையின் எழுவாயையே தனக்கும் எடுத்துக்கொள்ளும். 'செய' என்ற வாய்பாடு தனக்கென்று வேறொரு எழுவாயை வைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்திலும் இதே பிரிவினை உண்டு. "ஸ்மைலிங், ஷி வேவ்ட்" என்பது வெறும் பார்ட்டிசிபிள் ஃபிரேஸ் (பார்ட்டிசிபிள் என்பது வினையின் 'இங்' வடிவம் அல்லது மூன்றாம் வடிவம்), நம் 'செய்து' போல. "ஹர் ஐஸ் ஷைனிங், ஷி வேவ்ட்" என்பது அப்சல்யூட் ஃபிரேஸ், "கண்கள் மின்ன, கையசைத்தாள்" என்பதைப் போல. இந்த ஃபிரேஸ் தன் எழுவாயைத் தானே கொண்டுவருவதால் முதன்மை வாக்கியத்தின் எந்தத் தனிச் சொல்லோடும் இலக்கண ரீதியாக ஒட்டாது. மொத்த வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் பொருள் தரும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா 'செய' எச்சமும் அப்சல்யூட் ஆகாது. "படிக்க வந்தான்" என்பதில் படிக்க என்பதற்குத் தனி எழுவாய் கிடையாது. அது "டு ஸ்டடி". தனி எழுவாய் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டு வாக்கியத்திலிருந்து ஒன்றைக் கட்டுவது

அப்சல்யூட் ஃபிரேஸைத் தலையில் தேட வேண்டாம். இரண்டு சின்ன வாக்கியங்களை எழுதி, அவற்றிலிருந்து கட்டுங்கள்.

"ஹர் வாய்ஸ் வாஸ் ஷேக்கிங். ஷி ரெட் அவுட் த ரிசல்ட்." முதல் வாக்கியத்தில் 'வாஸ்' என்பதைத் தூக்கிவிடுங்கள். முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாக்குங்கள். "ஹர் வாய்ஸ் ஷேக்கிங், ஷி ரெட் அவுட் த ரிசல்ட்." குரல் நடுங்க, அவள் முடிவை வாசித்தாள். அவ்வளவுதான்.

முதல் வாக்கியத்தில் இஸ், ஆர், வாஸ், வேர் இல்லாமல் நேரடி வினை இருந்தால் அதை 'இங்' வடிவத்துக்கு மாற்ற வேண்டும். "ஹிஸ் ஹார்ட் பவுண்டட். ஹி நாக்ட் ஆன் த டோர்" என்பது "ஹிஸ் ஹார்ட் பவுண்டிங், ஹி நாக்ட் ஆன் த டோர்" ஆகும். முதல் செயல் முழுக்க முடிந்த பிறகு இரண்டாவது நடக்கிறது என்றால் 'ஹேவிங்' வேண்டும்: "த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், த பிளேயர்ஸ் கேம் பேக்." மழை நின்றுவிட, ஆட்டக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இங்கே "த ரெயின் ஸ்டாப்பிங்" என்று எழுதினால், மழை நின்றுகொண்டிருக்கும் அந்தக் கணத்திலேயே ஆட்டக்காரர்கள் வந்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

எதிர்மறை வேண்டுமென்றால் 'நாட்' பார்ட்டிசிபிளுக்கு முன்னால் வரும். "த கீ நாட் ஹேவிங் பீன் ஃபவுண்ட், தே ப்ரோக் த லாக்." சாவி கிடைக்காமல் போக, பூட்டை உடைத்தார்கள்.

இதே வழியைத் திருப்பிப் போட்டால் சோதனையும் தயார். எழுதியது அப்சல்யூட் ஃபிரேஸ்தானா என்று சந்தேகம் வந்தால் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு 'வாஸ்' அல்லது 'வேர்' போட்டுப் பாருங்கள். "ஹிஸ் ஹேண்ட்ஸ் வேர் ட்ரெம்ப்ளிங்" என்று முழு வாக்கியம் ஆனால் சரி. 'ஹேவிங்' உள்ளவற்றில் 'ஹேவிங்' இருக்கும் இடத்தில் 'ஹேட்' போட்டுப் பார்க்க வேண்டும்.

பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் என்னென்ன வரலாம்

'இங்' வடிவம் மட்டும்தான் வரும் என்று நினைப்பதால்தான் பலர் எழுதும் அப்சல்யூட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பாஸ்ட் பார்ட்டிசிபிள், அதாவது வினையின் மூன்றாம் வடிவம், வரலாம்: "ஹர் ஹேர் டைட் பேக்." பெயரடை வரலாம்: "ஹிஸ் ஃபேஸ் பேல்." 'ஆன்', 'இன்' போன்ற முன்னிடைச் சொல்லோடு ஒரு தொடர் வரலாம்: "ஹர் பேக் ஆன் ஹர் ஷோல்டர்" (தோளில் பை). ஒற்றை வினையடையே போதும்: "ஹெட் டவுன்", "டின்னர் ஓவர்." இன்னொரு பெயர்ச்சொல்கூட வரலாம்: "ஹிஸ் ஃபேஸ் எ மாஸ்க்." நடக்கப்போவதைச் சொல்ல 'டு' சேர்ந்த வினையும் வரும்: "த பிரதர்ஸ் டிவைடட் த ஒர்க், த எல்டர் டு ரைட் அண்ட் த யங்கர் டு டிரா." அண்ணன் எழுதுவது, தம்பி வரைவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

இதில் தமிழ் பேசுகிறவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்" என்று தமிழில் யோசித்துவிட்டு, "ஹி ஸ்டுட் தேர், ஹிஸ் ஆர்ம்ஸ் ஃபோல்டிங்" என்று எழுதிவிடுவார்கள். அது தவறு. கைகள் எதையும் கட்டவில்லை, அவை கட்டப்பட்டிருக்கின்றன. எனவே "ஹிஸ் ஆர்ம்ஸ் ஃபோல்டட்." கண்ணைத் திரையில் பதித்திருந்தால் "ஹிஸ் ஐஸ் ஃபிக்ஸ்ட் ஆன் த ஸ்க்ரீன்", ஃபிக்ஸிங் அல்ல. பெயர்ச்சொல் தானே செய்கிறதா, அதற்குச் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தானே செய்தால் 'இங்'. செய்யப்பட்டிருந்தால் 'எட்' வடிவம், அல்லது அந்த வினைக்குரிய மூன்றாம் வடிவம்.

எந்தப் பெயர்ச்சொல்லை எடுப்பது

அப்சல்யூட் ஃபிரேஸ் இயல்பாக ஒலிப்பதும் வலிந்து செய்ததுபோல் ஒலிப்பதும் பெரும்பாலும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

"அவள் சிரிக்க, அவன் தலைகுனிந்தான்" என்பதை அப்படியே "ஷி லாஃபிங், ஹி லோயர்ட் ஹிஸ் ஹெட்" என்று மாற்றலாம். இலக்கணப்படி பிழை சொல்ல முடியாது. ஆனால் இன்றைய ஆங்கிலக் காதுக்கு அது விறைப்பாகப் படும். அதுவே "ஹிஸ் ஃபேஸ் பர்னிங், ஹி லோயர்ட் ஹிஸ் ஹெட்" என்றால் எந்த நாவலிலும் பொருந்தும். முதலாவதில் ஃபிரேஸின் எழுவாய் முற்றிலும் வேறொரு ஆள். இரண்டாவதில் அது முதன்மை எழுவாயின் ஒரு பகுதி. அவனுடைய முகம்.

தமிழ் இலக்கணத்தில் இதற்குச் சினை, முதல் என்ற பாகுபாடே இருக்கிறது. உறுப்பு சினை, உறுப்பை உடையது முதல். 'செய்து' வாய்பாடு எப்போதும் ஒரே எழுவாயில் முடிய வேண்டும் என்று சொல்லும் தொல்காப்பிய வினையியல், உடனே ஒரு விலக்கும் தருகிறது. சினையின் வினை முதலின் வினையோடு போய் முடிந்தாலும் அதை ஒரே வினைபோலக் கொள்ளலாம் என்கிறது. "கால் ஒடிந்து விழுந்தான்" என்கிறோமே, ஒடிந்தது கால், விழுந்தது அவன், இருந்தும் யாருக்கும் உறுத்துவதில்லை. உறுப்பும் ஆளும் மனதில் ஒன்றாகவே பதிவதால் அந்தத் தாவல் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் அப்சல்யூட் ஃபிரேஸ் அதிகம் பழகும் இடமும் இதே சினை-முதல் உறவுதான்.

ஆகவே கதை, கட்டுரை, அனுபவக் குறிப்பு எழுதும்போது கை, கண், குரல், முகம், மூச்சு, நடை, உடை, கையில் பிடித்திருக்கும் பொருள் போன்றவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்தை எழுதினால் அதன் ஜன்னல், கூரை. ரயிலை எழுதினால் அதன் விளக்கு, சக்கரம். "த ட்ரெயின் புல்ட் அவுட், இட்ஸ் விண்டோஸ் க்ளோயிங்." ஜன்னல்கள் ஒளிர, ரயில் புறப்பட்டது.

வேறொரு ஆளைத்தான் எழுவாயாக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் 'ஆஸ்' அல்லது 'வென்' போட்ட சாதாரண வாக்கியமே மேல்: "ஆஸ் ஷி லாஃப்ட், ஹி லோயர்ட் ஹிஸ் ஹெட்."

எந்த இடத்தில் வைப்பது

வாக்கியத்தின் முன், பின், நடு மூன்றும் சரி. ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முன்னால் வைத்தால் காரணம், நேரம், நிபந்தனை போன்ற சூழலைச் சொல்வதாகப் படும். "த ரோட் பீயிங் க்ளோஸ்ட், வி டர்ன்ட் பேக்." சாலை மூடியிருக்க, திரும்பிவிட்டோம். "வெதர் பர்மிட்டிங், த ராக்கெட் வில் லிஃப்ட் ஆஃப் டுமாரோ." வானிலை இடம்கொடுத்தால் நாளை ஏவப்படும்.

பின்னால் வைத்தால் அது விவரம். முதலில் மொத்தக் காட்சி, அப்புறம் அதன் ஒரு பகுதி கிட்டத்தில் தெரிகிறது. "த ஓல்ட் மேன் சேட் ஆன் த ஸ்டெப்ஸ், ஹிஸ் ஐஸ் க்ளோஸ்ட், ஹிஸ் ஷூஸ் பிசைட் ஹிம்." தமிழில் எச்சம் எப்போதும் வினைமுற்றுக்கு முன்னால்தான் வரும் என்பதால் நாம் ஆங்கிலத்திலும் எல்லாவற்றையும் முன்னாலேயே அடுக்குகிறோம். ஆங்கில உரைநடையில் அழகு பெரும்பாலும் பின்னால்தான். 1963இல் அமெரிக்கப் பேராசிரியர் ஃபிரான்சிஸ் கிறிஸ்டென்சன் எழுத்துப் பயிற்சி பற்றி எழுதிய கட்டுரையில் அழுத்திச் சொன்னதும் இதுதான்: முதன்மை வாக்கியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் விவரங்களைச் சேர்த்துக்கொண்டே போவது. அவர் மாணவர்களைப் பழகச் சொன்ன கருவிகளில் அப்சல்யூட் ஃபிரேஸும் ஒன்று. முன்னால் வைக்கும் பழக்கத்தை ஒரு வாரம் முழுக்க விட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி வேண்டும். "த டாக்டர், ஹர் ஷிஃப்ட் ஓவர், வாக்ட் டு ஹர் கார்." இது அடிக்கடி வேண்டாம்.

'வித்' சேர்ப்பதா, விடுவதா

"வித் ஹிஸ் ஹேண்ட்ஸ் ட்ரெம்ப்ளிங், ஹி ஓபன்ட் த லெட்டர்" என்றும் சொல்லலாம். பேச்சில் இதுதான் அதிகம். கட்டுரையிலும் வெறும் அப்சல்யூட் மிடுக்காகத் தோன்றும் இடத்தில் 'வித்' போட்டால் தணியும். முழுக்க வேறான ஆளோ பொருளோ எழுவாயாக இருக்கும்போது இது நன்றாக உதவும்: "வித் த ப்ரிண்டர் ப்ரோக்கன், வி சென்ட் சாஃப்ட் காப்பீஸ்." இலக்கண வல்லுநர்கள் சிலர் 'வித்' வந்தால் அதை அப்சல்யூட் என்றே சொல்லமாட்டார்கள். எழுதுகிறவருக்கு அந்த வாதம் தேவையில்லை.

பிரதிப்பெயர் வரும்போது மட்டும் கவனம். வெறும் அப்சல்யூட்டில் 'ஹி', 'ஷி', 'தே' என்ற எழுவாய் வடிவம்: "ஹி பீயிங் தி ஓன்லி விட்னஸ், த கேஸ் கொலாப்ஸ்ட்." 'வித்' வந்தால் 'ஹிம்', 'ஹர்', 'தெம்': "வித் ஹிம் பீயிங் தி ஓன்லி விட்னஸ்." பழைய ஆங்கிலத்தில் இந்த இடத்தில் எழுவாய் வடிவமே வராது, நான்காம் வேற்றுமைதான் வரும். உருபுகள் தேய்ந்த பிறகு எழுவாய் வடிவம் நிலைத்தது. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் மூன்றும் இதே அமைப்புக்கு ஆளுக்கொரு வேற்றுமையை ஒதுக்கி வைத்திருக்கின்றன.

அடிக்கடி வரும் பிழைகள்

தேர்வுகளில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது இது: "பீயிங் எ ரெய்னி டே, வி ஸ்டேட் அட் ஹோம்." இதில் 'பீயிங்' யாருக்குச் சொந்தம்? பக்கத்தில் இருக்கும் எழுவாய் 'வி'. அப்படியானால் நாமே மழைநாள் என்றாகிறது. அதற்கென்று ஒரு எழுவாய் கொடுத்தால் சரியாகிவிடும்: "இட் பீயிங் எ ரெய்னி டே, வி ஸ்டேட் அட் ஹோம்." இதே இனத்தில் "தேர் பீயிங் நோ அதர் பிசினஸ், த மீட்டிங் வாஸ் அட்ஜர்ன்ட்" என்பதும் வரும். 'இட்', 'தேர்' வந்தால் 'பீயிங்' கட்டாயம். மற்ற பல இடங்களில் "த ஒர்க் டன், தே லெஃப்ட்" என்பதுபோல் அதை விட்டுவிடலாம்.

தொங்கும் பார்ட்டிசிபிள் இதன் அண்ணன் தம்பி. "ஹேவிங் ஃபினிஷ்ட் த மீட்டிங், த லைட்ஸ் வேர் டர்ன்ட் ஆஃப்." விளக்குகளா கூட்டத்தை முடித்தன? "த மீட்டிங் ஓவர், த லைட்ஸ் வேர் டர்ன்ட் ஆஃப்" என்று தனி எழுவாய் வந்ததும் தொங்கல் போய்விடும்.

அடுத்தது காற்புள்ளி. "த எக்ஸாம் வாஸ் ஓவர், வி வென்ட் ஹோம்" என்று இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டுவது தவறு. 'வாஸ்' போகவேண்டும்: "த எக்ஸாம் ஓவர், வி வென்ட் ஹோம்." 'வாஸ்' போனபின் நடுவில் 'அண்ட்', 'ஸோ' எதுவும் வராது. ஃபிரேஸை மட்டும் தனியாக நிறுத்தி முற்றுப்புள்ளி வைப்பதும் சரியல்ல. கதைகளில் வேண்டுமென்றே அப்படிச் செய்வார்கள். தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

இன்னொன்று நுட்பமானது. ஃபிரேஸுக்குள்ளேயே, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் காற்புள்ளி வைக்கக் கூடாது. "த கேப்டன், பீயிங் இன்ஜர்ட், த டீம் லாஸ்ட்" என்று எழுதினால், படிப்பவர் "த கேப்டன்" என்பதற்கு ஒரு வினைமுற்றை எதிர்பார்த்து ஏமாறுகிறார். "த கேப்டன் பீயிங் இன்ஜர்ட், த டீம் லாஸ்ட்" என்பதே சரி.

இந்தக் காற்புள்ளியோடு உலகப் புகழ் பெற்ற ஒரு வாக்கியம் இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம், 1791இல் ஏற்கப்பட்டது: "எ வெல் ரெகுலேட்டட் மிலிஷியா, பீயிங் நெசசரி டு த செக்யூரிட்டி ஆஃப் எ ஃப்ரீ ஸ்டேட், த ரைட் ஆஃப் த பீப்பிள் டு கீப் அண்ட் பேர் ஆர்ம்ஸ், ஷேல் நாட் பி இன்ஃப்ரிஞ்ட்." சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு ஒழுங்கான குடிப்படை தேவையாக இருக்க, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படக் கூடாது. அந்தக் காலத்துக் காற்புள்ளிகளை நீக்கிப் பார்த்தால் முதல் பாதி அசல் அப்சல்யூட் ஃபிரேஸ். இப்போது கேள்வி: அது இரண்டாம் பாதிக்குக் காரணமா, எல்லையா, வெறும் முன்னுரையா? துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய ஹெல்லர் வழக்கில் 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை அலசியது. மொழியியல் அறிஞர்கள் சிலர் இது அப்சல்யூட் அமைப்பு, காரணமாகவே வாசிக்க வேண்டும் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மைத் தீர்ப்போ, முதல் பாதி நோக்கத்தை அறிவிக்கிறதே தவிர, இரண்டாம் பாதி தரும் உரிமையைச் சுருக்காது என்றது.

அப்சல்யூட் ஃபிரேஸின் பலமும் பலவீனமும் இங்கே ஒருசேரத் தெரிகிறது. 'பிகாஸ்', 'வென்', 'இஃப்' எதுவும் இல்லாததால் உறவை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். கதையில் அது சுகம். ஒப்பந்தம், சட்டம், பயன்பாட்டுக் குறிப்பு, மருத்துவ அறிவுரை இவற்றில் ஆபத்து. அங்கெல்லாம் இணைப்புச் சொல்லை வெளிப்படையாகவே எழுதுங்கள்.

அப்படியே பழகிப்போனவை

சிலவற்றைக் கட்ட வேண்டியதே இல்லை, முழுசாக மனதில் வைத்துக்கொண்டால் போதும். "ஆல் திங்ஸ் கன்சிடர்ட்", "தட் செட்", "காட் வில்லிங்", "ஜோக்கிங் அசைட்", "நோ க்வெஸ்டின்ஸ் ஆஸ்க்ட்" எல்லாமே அப்சல்யூட் ஃபிரேஸ்கள்தான். பொருளாதாரப் பாடத்தில் வரும் "செடெரிஸ் பாரிபஸ்" லத்தீன் அப்சல்யூட், அதன் ஆங்கில வடிவம் "அதர் திங்ஸ் பீயிங் ஈக்வல்." "வைஸ் வெர்சா"வும் அதே லத்தீன் அமைப்பில் பிறந்தது. அலுவலக மின்னஞ்சலில் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய அப்சல்யூட்கள் அநேகமாக இந்த வகை மட்டுமே.

எவ்வளவு போதும்

ஒரு வாக்கியத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது வந்தால் வாக்கியம் எதைப் பற்றியது என்பதே மறந்துபோகும். ஒரு பத்தியில் எல்லா வாக்கியமும் "ஹிஸ் ஐஸ்", "ஹிஸ் ஹேண்ட்ஸ்" என்று முடிந்தால் வாசகர் அந்த உத்தியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், காட்சியைப் பார்க்கமாட்டார். எழுதி முடித்ததும் ஃபிரேஸை மூடிவைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். எந்த இழப்பும் தெரியவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். "ஹிஸ் ஐஸ் லுக்கிங்" போன்றவைதான் முதலில் விழும். கண் பார்க்கத்தான் செய்யும்.

நான்கு பயிற்சிகள்

விடையைப் பார்க்காமல் செய்துபாருங்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும்.

முதலாவது: "ஷி ரேன் டவுன் த ஸ்டேர்ஸ். ஹர் ஸ்கார்ஃப் வாஸ் ஃப்ளையிங் பிஹைண்ட் ஹர்."
இரண்டாவது: "த லாஸ்ட் பஸ் ஹேட் கான். தே வாக்ட் ஹோம்."
மூன்றாவது: "ஹி வெயிட்டட் அவுட்சைட் தி ஆஃபிஸ். ஹிஸ் செர்டிஃபிகேட்ஸ் வேர் ரோல்ட் அப் இன் ஒன் ஹேண்ட்."
நான்காவது, இது வாடிக்கையாளருக்குப் போகும் மின்னஞ்சல்: "த சர்வர் வாஸ் டவுன். வி குட் நாட் சென்ட் த ரிப்போர்ட்."

முதலாவதற்கு "ஷி ரேன் டவுன் த ஸ்டேர்ஸ், ஹர் ஸ்கார்ஃப் ஃப்ளையிங் பிஹைண்ட் ஹர்." ஃபிரேஸைப் பின்னால் வைத்ததைக் கவனியுங்கள், முன்னால் வைத்தால் ஓட்டத்துக்கு முன்பே துப்பட்டா பறக்க ஆரம்பித்துவிடும். இரண்டாவதற்கு "த லாஸ்ட் பஸ் ஹேவிங் கான், தே வாக்ட் ஹோம்." இது காரணம், ஆகவே முன்னால். மூன்றாவதற்கு "ஹி வெயிட்டட் அவுட்சைட் தி ஆஃபிஸ், ஹிஸ் செர்டிஃபிகேட்ஸ் ரோல்ட் அப் இன் ஒன் ஹேண்ட்." ரோலிங் என்று எழுதியிருந்தால் கைகளைக் கட்டிய பத்திக்குத் திரும்பிப் போங்கள்.

நான்காவதற்கு "த சர்வர் பீயிங் டவுன், வி குட் நாட் சென்ட் த ரிப்போர்ட்" என்று எழுதினால் இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு "வி குட் நாட் சென்ட் த ரிப்போர்ட் பிகாஸ் த சர்வர் வாஸ் டவுன்" என்றே அனுப்புங்கள்.